எனக்கு வராத பாஷை

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றே முக்கால் மணிக்கு நான் ஒரு பொய் சொன்னேன். தமிழில் சொல்லவில்லை. எந்த மொழியிலும் சொல்லவில்லை. ஆனாலும் அது பொய்தான்.

இடம், திருநெல்வேலியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு பெந்தெகொஸ்தே சபை நடந்தது. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். எங்களுக்குக் கோவில், பெஞ்சு, பாமாலை, கீர்த்தனை, ஐயர் என்று நாங்கள் அழைக்கும் போதகர், வருடத்துக்கு ஒரு அசனம், அதாவது சபை விருந்து. ஜெபம்கூட புத்தகத்தில் அச்சடித்திருக்கும். ஐயர் ஒரு வரி சொல்ல, நாங்கள் ஒரு வரி சொல்வோம். அத்தை மட்டும் மாமா இறந்து ஒரு வருடம் கழித்து அந்தக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். அவள் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததைக்கூட அப்பா பொறுத்துக்கொண்டார். கம்மலைக் கழற்றியதைத்தான் பொறுக்கவில்லை. அண்ணனும் தங்கையும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

அந்த லீவில் அத்தை வீட்டில் இருந்தேன். "சும்மா வந்து உக்காருலே" என்று கூட்டிப்போனாள். அது காத்திருப்புக் கூட்டம். பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்காகக் காத்திருப்பது. அது வந்துவிட்டதற்கு, ஆள் 'நிறைந்ததற்கு', அடையாளம் வாயில் புரியாத ஒரு பாஷை வருவது. கோரைப்பாய் விரித்திருந்தது, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அபிஷேகம் பெறாத பையன்கள் நான்கு பேரை முன்னால் முழங்கால் போட வைத்தார்கள். வாயை மூடாமல் 'அல்லேலூயா' சொல்லச் சொன்னார்கள். வேகமாக, இன்னும் வேகமாக. நாக்கை விட்டுக்கொடு என்றார்கள். பத்து மணிக்குள் ஒருவன் நிறைந்துவிட்டான். பத்தரைக்கு இன்னொருவன். பதினொரு மணிக்கு மூன்றாமவன் அழுதுகொண்டே எதையோ சொல்ல, அவனும் நிறைந்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மீதி நான். பாஸ்டரின் கை என் தலையில். கனமான கை. என் மனதில் அப்போது தேவன் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் வலி இருந்தது, மூத்திரம் முட்டியது, பெண்கள் பக்கமிருந்து அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது முதுகில் தெரிந்தது.

அல்லேலூயாவை வேகமாகச் சொன்னால் ஒரு கட்டத்தில் நாக்கு தானாகவே குழறும். அந்தக் குழறலோடு நாலைந்து அசைகளைச் சேர்த்துவிட்டேன். "நிறைஞ்சிட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். கைத்தட்டல், ஸ்தோத்திரம், டிரம். திரும்பிப் பார்த்தேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் "அபிஷேகம் வாங்கியாச்சா தம்பி?" என்று கேட்டிருக்கிறார்கள். வேலை கிடைத்ததா, கல்யாணம் ஆனதா என்று கேட்கிற அதே குரலில். ஆமாம் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. சிரித்து வைப்பேன்.

அந்தக் குற்ற உணர்வில்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பக்தியில் இல்லை. நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்துகொள்ளத்தான்.

முதலில் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம். பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று எங்கள் கோவிலில் இதை வாசிப்பார்கள். சிறுவனாக ஒருமுறை என்னை வாசிக்க விட்டார்கள். பார்த்தர், மேதர், ஏலாமீத்தர் வரைக்கும் சமாளித்து, மெசொப்பொத்தாமியாவில் தடுக்கி, கப்பத்தோக்கியாவில் விழுந்தேன். எங்கள் கோவிலில் யாராவது புரியாத பாஷை பேசியது என்றால் அன்றைக்கு நான் பேசியதுதான். அது கிடக்கட்டும். அந்த அதிகாரத்தில் நடப்பது என்ன? எருசலேமுக்குப் பல தேசத்திலிருந்து வந்த ஜனங்கள், கலிலேயா நாட்டார் பேசுவதைத் தங்கள் தங்கள் சொந்த மொழியில் கேட்கிறார்கள். வியாக்கியானம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. புரிந்துவிட்டதுதான் அங்கே அதிசயம். புரியாத சிலர் இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று பரியாசம் பண்ண, பேதுரு எழுந்து, விடிந்து மூன்று மணி நேரந்தானே ஆகிறது, அதற்குள்ளா என்று கேட்கிறார். வேதாகமத்தில் எனக்குப் பிடித்த சமாதானங்களில் அது ஒன்று.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதும்போது நிலைமை நேர் எதிர். அங்கே பேசுகிறார்கள், யாருக்கும் புரியவில்லை. பேசுகிறவனுக்கே புரியவில்லை. 'என் ஆவி விண்ணப்பம்பண்ணுமேயன்றி, என் கருத்து பயனற்றதாயிருக்கும்' என்று பவுலே சொல்கிறார். நாம் 'அந்நியபாஷை' என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது குளோஸ்ஸா என்ற ஒரே சொல். நாக்கு என்றும் பொருள், மொழி என்றும் பொருள். 'அந்நிய' என்பது நம் மொழிபெயர்ப்பில் சேர்ந்தது. பழைய ஆங்கில வேதாகமத்திலும் இதே மாதிரி ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைச் சாய்வெழுத்தில் போட்டு, இது மூலத்தில் இல்லை என்று காட்டிவிட்டார்கள். நமக்கு அந்தச் சாய்வு கிடைக்கவில்லை. 'அந்நிய' என்ற அந்த ஒட்டு, பேசுகிறவர்களையும் நமக்குக் கொஞ்சம் அந்நியராக்கிவிட்டது என்று எனக்கு ஒரு எண்ணம்.

பவுல் அந்த பதினாலாம் அதிகாரத்தில் படுகிற பாடு இருக்கிறதே, அது ஒரு சேகரகுரு இரண்டு கட்சிகளுக்கு நடுவே படுகிற பாடு. உங்கள் எல்லாரையும்விட அதிகமாக நான் பாஷைகளில் பேசுகிறேன் என்கிறார். அடுத்த மூச்சில், சபையில் பதினாயிரம் வார்த்தை அப்படிப் பேசுவதைவிடப் புரிகிற ஐந்து வார்த்தை எனக்குப் போதும் என்கிறார். கூட்டத்தில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராகப் பேசட்டும், ஒருவர் அர்த்தம் சொல்லட்டும், அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசிக்கொள்ளட்டும் என்கிறார். கடைசியில், தடைபண்ணாதிருங்கள் என்றும் சொல்லிவிடுகிறார். பெந்தெகொஸ்தேகாரர் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் நடுவில் இருப்பதை. முழு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்தவர் இரண்டு பக்கத்திலும் குறைவு. ஒரே நேரத்தில் முந்நூறு பேர் மைக் வைத்துப் பேசும் கூட்டத்தைப் பவுல் பார்த்திருந்தால் இன்னொரு நிருபம் எழுதியிருப்பார்.

இது நம் ஊருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று எங்கள் கோவிலில் ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. இன்றைய பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறந்த வீடு என்று எல்லாரும் சொல்வது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெரு, கதவிலக்கம் 312, ஆண்டு 1906. முன்பு கறுப்பர்களின் தேவாலயமாக இருந்து, பிறகு குதிரை கட்டவும் சாமான் போடவும் பயன்பட்ட கட்டடம். நடத்தியவர் வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்தவர்களின் மகன், ஒரு கண்ணில் பார்வை இல்லை. அவருக்கு இந்தப் போதனையைக் கற்றுக்கொடுத்த சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளைக்காரர், ஹூஸ்டனில் நிறவெறிச் சட்டத்தைக் காரணம் காட்டி, சீமோரை வகுப்புக்குள் விடாமல் வெளியே உட்கார்ந்து கேட்க வைத்தார். அப்படி வாசலில் கேட்டவர் நடத்திய கூட்டத்தில் கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகரும் ஒரே தரையில் முழங்கால் போட்டார்கள். 1906 அமெரிக்காவில் என்னைப் பொறுத்தவரை பாஷையைவிட அதுதான் பெரிய அடையாளம். லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை ஒன்று இந்தக் கூட்டத்தைக் கிண்டலடித்துச் செய்தி போட்டது அந்த வருடம் ஏப்ரல் 18-ஆம் தேதி. அதே நாள் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. கூட்டத்துக்கு ஆள் சேரக் கேட்கவா வேண்டும்?

இதில் கல்கத்தா கதை ஒன்று இருக்கிறது. பார்ஹாமின் நம்பிக்கை என்னவென்றால், ஆவியானவர் கொடுப்பது உலகத்தில் வழங்கும் நிஜ மொழிகள், ஆகவே மிஷனெரிகள் மொழி படிக்க வேண்டியதில்லை, நேராகக் கப்பல் ஏறலாம். அசூசா தெருவில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃபிரட் கார் என்பவர் தனக்கு வங்காளி வந்துவிட்டதாக நம்பி, மனைவியோடு 1907 வாக்கில் கல்கத்தா வந்து இறங்கினார். வாயைத் திறந்தார். ஒரு வங்காளிக்கும் புரியவில்லை. மனுஷர் ஊரைப் பார்த்து ஓடிப்போகவில்லை. அங்கிருந்த ஆங்கிலம் தெரிந்தவர்களிடையே ஊழியம் செய்தார், பிறகு ஹாங்காங் போனார். பாஷை வரத்தையும் அவர் விட்டுவிடவில்லை. அது ஊழியத்துக்கான மொழியல்ல, ஜெபத்துக்கான மொழி என்று எடுத்துக்கொண்டார். அதற்கு ஏறக்குறைய 200 வருடம் முன்னால், 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். சில வருடத்தில் புதிய ஏற்பாட்டையே தமிழில் கொண்டுவந்துவிட்டார். எங்கள் ஐயர் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பெந்தெகொஸ்தேகாரரை மட்டம்தட்டுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீகன்பால்கு மணலில் எழுதியதும் ஒருவகை ஜெபம்தான். கார் தன் தவறைப் புரிந்துகொண்டு கல்கத்தாவிலேயே நின்றதும் அப்படித்தான்.

பாதி உண்மை என்றேனே, மற்ற பாதி எங்கள் சீமையிலேயே இருக்கிறது. அது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அசூசா தெருவுக்கு 46 வருடம் முன்னால், 1860-இல், அன்றைய திருநெல்வேலிச் சீமையில், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்ற சிற்றூரில் தமிழர்கள் புரியாத பாஷையில் ஜெபித்திருக்கிறார்கள். அந்த ஊரை உண்டாக்கியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்ற ஜெர்மன் மிஷனெரியிடம் படித்தவர். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் சகவாசத்தால், மிஷன் சம்பளம் வாங்காமல் தேவனை நம்பி ஊழியம் செய்வது என்று தீர்மானித்தவர். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் போதகர் மிஷன் சம்பளம் வேண்டாம் என்பது சாதாரண விஷயமில்லை. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் எழுப்புதல், அதாவது சபைகளில் பக்தி திடீரென்று பொங்கிப் பரவுவது, உண்டான செய்தி அவருக்கு எட்டியது. தன் ஆட்களோடு ஜெபித்தார். 1860 மார்ச்சில் தொடங்கியது. மார்பில் அடித்துக்கொண்டு அழுதவர்கள், நடுங்கியவர்கள், தரிசனம் கண்டவர்கள், தீர்க்கதரிசனம் சொன்னவர்கள், புரியாத பாஷையில் பேசியவர்கள், அதற்கு அர்த்தம் சொன்னவர்கள் என்று அவருடைய குறிப்புகளில் வருகிறது. பெண்களும் இருந்தார்கள். வெள்ளைக்கார மிஷனெரிமாரில் சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1867-இல் அருளப்பன் இறந்தார். எங்கள் ஞாயிறு பள்ளியில் ரேனியஸைப் பற்றிப் படித்தோம். அவரிடம் படித்த அருளப்பனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

1905-இலும் அதே கதைதான். பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் பண்டிதை ராமாபாய் நடத்திய முக்தி ஆசிரமத்தில் இளம் விதவைகளும் அநாதைப் பெண்களும் கூடி ஜெபிக்கையில் எழுப்புதல் வந்தது, அடுத்த வருடத்துக்குள் பாஷையும் வந்தது. கிறிஸ்டியான்பேட்டையில் சம்பளம் வேண்டாம் என்றவரின் ஆட்கள், கேட்காவில் வீட்டில் இடமில்லாத பெண்கள், அசூசாவில் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்தவர். இந்தப் பாஷை யாருக்கு முதலில் வந்திருக்கிறது என்று பார்த்தால் ஒன்று தெரிகிறது. மேடையும் மைக்கும் இல்லாதவர்களுக்கே வந்திருக்கிறது. மேடையும் மைக்கும் பிற்பாடு வந்தவை. அமெரிக்காவில் 1914-இல் உருவான அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் சபை 1916-இல் தன் விசுவாச அறிக்கையில், ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் பாஷையே என்று எழுதி வைத்தது. அங்கிருந்து வரிசையாக வந்ததுதான் என் முழங்கால் வலி.

அறிவியல்காரர்களையும் பார்த்தேன். டொரண்டோவில் இருந்த வில்லியம் சமாரின் என்ற மொழியியலாளர் பல ஊர்க் கூட்டங்களில் பதிவுசெய்து ஆராய்ந்து, 1972-இல் தன் முடிவைச் சொன்னார். பேசுகிறவரின் தாய்மொழியிலும் அவர் ஏற்கெனவே கேட்ட மொழிகளிலும் உள்ள ஒலிகள்தான் வருகின்றன, அதில் இலக்கணம் கிடையாது, ஆனால் மொழி மாதிரியே தாளமும் நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் இருக்கின்றன. 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ நியூபெர்க் ஐந்து பெண்களின் மூளையைப் படம் எடுத்தார். பாஷையில் ஜெபிக்கும்போது நெற்றிப்பக்க மூளையில் ரத்த ஓட்டம் குறைந்தது. நாம் வேண்டுமென்றே ஒரு காரியத்தைச் செய்யும்போது வேலை செய்யும் பகுதி அது. 'நாங்கள் பேசவில்லை, எங்களுக்குள் பேசப்படுகிறது' என்று அந்தப் பெண்கள் சொன்னதோடு அது ஒத்துப்போனது. ஐந்தே பேர், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் என்னைப் படம் எடுத்திருந்தால் நெற்றிப்பக்கம் தீப்பிடித்து எரிந்திருக்கும். அவ்வளவு யோசித்து, அவ்வளவு கணக்குப் போட்டுச் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருவன் கேட்டான். "ஏல, எங்க பெரியப்பாவுக்குக் கொடையில சாமி வருமே, அதான உங்க அத்தைக்கும் வருது?" அன்றைக்கு அவனோடு சண்டை போட்டேன். இன்றைக்கு அது நியாயமான கேள்வி என்று படுகிறது. ஆவி என்ற நம் சொல்லே அப்படிப்பட்டது. மூச்சும் ஆவி, இட்லிச் சட்டியில் கிளம்புவதும் ஆவி, புளியமரத்தில் இருப்பதும் ஆவி. பழைய கத்தோலிக்கர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று போர்ச்சுகீசியச் சொல்லை அப்படியே எடுத்து 'இஸ்பிரித்து சாந்து' என்றார்கள். அந்த நண்பனுக்கு என்னால் சொல்ல முடிந்த ஒரே வித்தியாசம், சாமியாடிக்கு இறங்கினால் அவர் தன் வசத்தில் இருப்பதில்லை, முகத்தில் தண்ணீர் தெளித்து இறக்க வேண்டும். பவுலோ, தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்கிறார்.

அதற்கு அத்தையைவிட நல்ல சாட்சி இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படியில் அவள் ஜெபம் தொடங்கும். தமிழில் ஆரம்பிப்பாள். என் பெயர், அப்பா பெயர், பக்கத்து வீட்டுக்காரியின் ஆபரேஷன், எல்லாம் வரிசையாக வரும். அப்புறம் ஒரு இடத்தில் பெயர்கள் தீர்ந்து அசைகள் தொடங்கும். சத்தம் கிடையாது, நடுக்கம் கிடையாது. வெங்காயம் அரிந்துகொண்டே பேசுவாள். நடுவில் "ஏல, பால் பொங்குது, அணை" என்பாள். திரும்பவும் அசைகள். விட்ட இடத்திலிருந்து தொடர்வது மாதிரியே இருக்கும். எனக்கு அதில் ஒரு எழுத்தும் புரிந்ததில்லை, ஆனால் அது அந்தக் கொட்டகையில் கேட்ட சத்தம் அல்ல என்பது மட்டும் பதினைந்து வயதிலேயே தெரிந்தது.

பழங்காலத் திருச்சபைப் பிதா அகஸ்டின், வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போது, அறுவடையிலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களைச் சொல்கிறார். பாட்டை வார்த்தையோடுதான் தொடங்குகிறார்களாம். சந்தோஷம் மிஞ்சும்போது வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ஓசைக்குப் போய்விடுகிறார்களாம். இதை வாசித்ததும் எனக்கு நடவு வயலின் குலவைதான் காதில் கேட்டது. குலவைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. நாக்கால் மட்டும் எழுப்புகிற சத்தம் அது.

சந்தோஷத்துக்கு மட்டுமல்ல, துக்கத்துக்கும் வார்த்தை தீர்ந்துபோகும். பழைய ஏற்பாட்டில், பிள்ளையில்லாத அன்னாள் சீலோ ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், ஆசாரியர் ஏலி அவளைக் குடித்திருப்பவள் என்று நினைத்தார். பெந்தெகொஸ்தே நாளில் சொல்லப்பட்ட அதே பழி. ரோமருக்கு எழுதியதில் பவுல், என்ன வேண்டிக்கொள்வது என்றே நமக்குத் தெரியாதபோது ஆவியானவர் 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு' நமக்காக வேண்டுகிறார் என்கிறார். அத்தை அந்தக் கொட்டகைக்குப் போனதே மாமா போன பிறகுதான். எங்கள் ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு ஒழுங்கு இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் செவ்வாய்க்கிழமைகளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அவளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு இப்போது எழுபத்தி நாலு வயது. திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, அன்னைக்குக் காத்திருப்புக் கூட்டத்துல எனக்கு ஒண்ணும் வரல. நான் சும்மா சொன்னேன்."

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்லே."

"எப்படித் தெரியும்?"

"நீ சொன்னது பூரா பாஸ்டர் சொல்லுததுல்லா. அவரு இழுக்க மாதிரியே நீயும் இழுத்த."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இருபத்தைந்து வருடமாகச் சுமந்த மூட்டை. "அப்புறம் எதுக்கு அழுத?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "புள்ளைய முட்டி போட வச்சி இந்தப் பாடு படுத்துதாவளேன்னு அழுதேன். எந்திச்சு வந்து ஒன்னையக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்துச்சு. நாலு பேரு என்ன நெனைப்பாவளோன்னு உக்காந்துட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அவள் முறத்தை என் பக்கம் தள்ளினாள்.

"பூ இருந்தா தனியா எடுத்து வை. அதுல முட்டை போட்டுத் தாரேன்."